அடக்கமாகச் சிரிக்கிற ஊர்

எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் ஒரு நல்ல பெயர் உண்டு. அடக்கமானவர்களாம். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வார்கள். கையில் வேலை இருந்தால் முந்தானையை இழுத்து மறைத்துக்கொள்வார்கள். நாகரசம்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊரைச் சொல்லி, அந்த ஊரில் பெண் எடுத்தால் பல்லைக் காட்டாத பெண்ணாகக் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அடக்கமாம், அடக்கம். பல் வெள்ளையாக இருந்திருந்தால் நாங்களும் ஊர் அதிரச் சிரித்திருப்போம். எங்கள் பல் பழுப்பு. என் முன்பற்களில் துருப்பிடித்த தகரம்போலப் பட்டை பட்டையாகக் கறை. அக்காவுக்கு இன்னும் மோசம், பல்லே குழி குழியாகப் பொரிந்திருக்கும். அதை மறைக்கத்தான் கை மேலே போகிறது.

பள்ளிக்கூடத்தில் இதற்காக அடி வாங்கியிருக்கிறேன். காலையில் எல்லோரும் வரிசையாக நின்று பல்லைக் காட்ட வேண்டும். வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர், பல் தேய்க்காத கழுதைகள் என்று சொல்லி விரல் முட்டியில் ஸ்கேலால் அடிப்பார். நாங்கள் தேய்க்காமலா வந்தோம்? சாம்பல், உப்பு, செங்கல் தூள் என்று ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்துவிட்டு வந்தோம். அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே மாதிரிக் கறை. ஒரு ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாகச் சேர்ந்து சோம்பேறியாக இருக்க முடியுமா என்று அந்த அம்மாவுக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் என் முட்டி வலிக்கிறது.

அதே பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்கு வந்தபோது உப்பீனிகள் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். ஃப்ளோரின், குளோரின், புரோமின், அயோடின். நாலும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். நாலுக்கும் ஒரே குணம்தான். ஒரு எலக்ட்ரான் குறைச்சலோடு பிறந்தவை, எவனிடமிருந்தாவது அதைப் பிடுங்கிக்கொள்ளாமல் அடங்காதவை. சமையல் உப்பில் இருப்பது குளோரின். அந்த உப்பில் கழுத்து வீங்காமலிருக்கச் சேர்ப்பது அயோடின். காயத்தில் தடவினால் காந்துகிற டிஞ்சரும் அயோடின்தான். கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரில் குளோரின், வீட்டுக்கு ஓடும் பிவிசி பைப்பில் குளோரின். டிவிக்குள் இருக்கிற பலகை தீப்பிடிக்காமலிருக்கப் புரோமின். தோசை ஒட்டாத கல்லிலும் பற்பசையிலும் ஃப்ளோரின். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதி நல்ல மார்க் வாங்கினேன். அந்தக் குடும்பத்து மூத்த பிள்ளை ஃப்ளோரின், ஃப்ளோரைடாக எங்கள் போர்வெல் தண்ணீரில் கரைந்து வந்து என் வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பழுப்புப் பல்லை வைத்துக்கொண்டு, ஃப்ளோரைடு பல்லுக்கு நல்லது என்று பரீட்சையில் எழுதியவள் நான்.

அது பொய்யும் இல்லை. கொஞ்சம் இருந்தால் பல்லுக்குப் பலம்தான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இதற்கு அப்படியே பொருந்தும். குழந்தைக்கு இரண்டாவது முளைக்கப்போகிற பல் ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் பல் முளைக்கும்போதே கெட்டுப்போய் முளைக்கும். அப்புறம் தேய்த்தும் பயனில்லை, அடித்தும் பயனில்லை. எங்கள் ஊரில் முன்பு திறந்த கிணறு இருந்தது. அக்கா பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அது வற்றிப்போய், பாறையைத் துளைத்துப் போர்வெல் போட்டார்கள். பாறைக்குள் இருந்தது தண்ணீரோடு மேலே வந்துவிட்டது. தண்ணீரில் நிறம் இல்லை, வாடை இல்லை, குடித்தால் இளநீர் மாதிரி இருக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

ஒரு முறை யாரோ வந்து எங்கள் தெருக் கைபம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். குடிக்காதே என்று அதற்கு அர்த்தமாம். அந்த ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவர்கள் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்? பம்பு பளபளவென்று நன்றாக இருக்கிறது என்று ஊர் சந்தோஷப்பட்டது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டோம்.

பெண் பார்க்கிற கூத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மாடு வாங்கக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போவார். மாட்டின் உதட்டை விலக்கிப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பழமொழி இருக்கிறது. பெண்ணுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. என்னைப் பார்க்க வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, தட்டிலிருந்த முறுக்கை எடுத்து என்னிடமே நீட்டி, கடித்துக் காட்டச் சொன்னாள். கடித்தேன். பார்த்தாள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். முறுக்கு மட்டும்தான் மிச்சம். அதற்கப்புறம் யார் முன்னாலும் கடித்துக் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஓசூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டேன். அக்காவை உள்ளூரிலேயே கொடுத்தார்கள். மாமாவுக்கு மாந்தோப்பு இருந்தது, சொந்த போர்வெல் இருந்தது, குணமும் நல்ல குணம். பல்லைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை.

ஓசூரில் எனக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தண்ணீர் சுத்திகரிக்கிற பிரிவு. கேன்டீனுக்குப் போகிற தண்ணீரில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு மருந்தைச் சொட்டுவிட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். போர் தண்ணீருக்கு ஃப்ளோரைடு பார்க்கிற பெட்டியும் அங்கே இருந்தது. அதில் வேறு மருந்து. தண்ணீர் நல்லதாக இருந்தால் ரோஸாக நிற்கும், ஃப்ளோரைடு மிஞ்சினால் அது மஞ்சளாகும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து லைனில் வேலை செய்த ஒரு பெண், நான் சாப்பிடுவதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, “ஏக்கா, வெத்தலை போடுவீகளோ?” என்று கேட்டாள். பாவம், கபடமில்லாமல்தான் கேட்டாள். அடுத்து ஊருக்குப் போய்த் திரும்பும்போது எங்கள் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து அந்தப் பெட்டியில் பார்த்தேன். மருந்து விட்டதும் எலுமிச்சம்பழ மஞ்சள். இத்தனை காலம் என்னை அடித்தது, என்னை வேண்டாமென்று சொன்னது, எல்லாம் அந்தக் குழாய்க்குள் நின்றுகொண்டிருந்தது. பாத்ரூமுக்குப் போய் அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம்.

இதற்குள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் வந்திருந்தது. ஒகேனக்கல்லில் இருந்து சுத்தம் செய்து, குளோரின் கலந்து, பைப்பில் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது. ஊர் தப்பித்தது என்று நினைத்தேன். அக்காவுக்குக் குழந்தை பிறந்து, பால்குடி மறந்த சமயத்தில் பார்க்கப் போனேன். பெண் குழந்தை. முன்பற்கள் அரிசி அரிசியாக முளைத்திருந்தன, பார்க்கக் கண் கொள்ளவில்லை. போன கொஞ்ச நேரத்தில் கவனித்தேன். ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துப் பாத்திரம் கழுவுகிறார்கள், மாட்டுக்கு வைக்கிறார்கள். குடிக்க, சமைக்க எல்லாம் தோப்பிலிருந்து போர் தண்ணீர். அந்த வீடு மட்டுமில்லை, ஊரே அப்படித்தான். ஆற்றுத் தண்ணீர் பிளீச்சிங் வாடை அடிக்கிறதாம். அதற்கு மருந்துத் தண்ணீர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். குடித்தால் தலைமுடி கொட்டும் என்று கதை வேறு. காப்பாற்ற வந்த குளோரின் வாடை அடித்ததால் வாசலிலேயே நிற்கிறது. கெடுக்கிற ஃப்ளோரின் வாடை அடிக்காததால் நடுவீட்டில் குடத்தில் இருக்கிறது.

அக்கா என்னிடம், குழந்தைக்குப் பச்சைத் தண்ணீர் கொடுப்பதே இல்லை, போர் தண்ணீரை நன்றாகக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன் என்றாள். பெருமையாகச் சொன்னாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. காய்ச்சினால் கிருமி சாகும். ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். அவ்வளவு அக்கறையாக, சுடவைத்து, ஆறவைத்து, வெள்ளி டம்ளரில் அதைப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அவருக்குப் பல் வெள்ளை, ஏனென்றால் அவர் எங்களைவிட மூத்தவர், சின்ன வயதில் திறந்த கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். அது அவருக்குப் புரிந்தால்தானே. நானும் இதே ஊர்த் தண்ணீர்தான் குடித்தேன், என் பல்லுக்கு என்ன கேடு என்று கேட்டார். குழந்தையைத் தூக்கி வாயைத் திறந்து காட்டி, இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள், முத்து மாதிரி இருக்கிறது பார் என்றார். இது பால்பல், இதில் தெரியாது, விழுந்து முளைக்கிறதில்தான் தெரியும் என்றேன். முளைக்காத பல்லைப் பற்றி இப்போதே எதற்குச் சண்டை என்றார். சரி, கேன் தண்ணீராவது வாங்குங்கள் என்றால், சொந்த போர் வைத்துக்கொண்டு கேன் தண்ணீர் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்றார். ஊர் எங்கே சிரித்தது? பாதி ஊர் வாயை மூடிக்கொண்டல்லவா இருக்கிறது.

அடுத்த தடவை போகும்போது குளோரின், ஃப்ளோரைடு பார்க்கிற இரண்டு பெட்டிகளையும் கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். கண்ணால் பார்த்தால் நம்புவார் என்று ஒரு நப்பாசை. ஆற்றுத் தண்ணீரில் குளோரின் எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறது என்று முதலில் காட்டினேன். லேசான மஞ்சள். அப்புறம் போர் தண்ணீரில் மற்ற மருந்தை விட்டேன். பளிச்சென்று மஞ்சள். இரண்டு குழாயையும் வெயிலில் தூக்கிப் பிடித்தேன். மாமா நிதானமாகப் பார்த்தார். “ரெண்டும் மஞ்சளாத்தானே இருக்குது? அப்புறம் என்னாத்துக்கு அந்த நாத்தம் புடிச்ச தண்ணிய குடிக்கணும்?” என்றார்.

மருந்து வேறு, இது வேறு மஞ்சள் என்று விளக்கினேன். ஆற்றுத் தண்ணீரை இரண்டாவது பெட்டியில் பார்த்துக் காட்டினேன், அழகாக ரோஸாக நின்றது. வித்தைக்காரி மாதிரி மாற்றி மாற்றிக் காட்டுகிறாய், ரோஸும் மருந்துதானே என்றார். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். ஓசூருக்குப் போனால் இப்படித்தான் பேச்சு வரும் என்று ஒருவர் சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்கு. குழாயைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்றிருந்தது. அது கம்பெனிச் சொத்து, அதனால் அடிக்கவில்லை.

அப்போது என் கோபம் எங்கெங்கோ போய் என் மேலேயே வந்து நின்றது. நான் எதைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்? கண்ணாடிக் குழாயைக் காட்டுகிறேன். காட்ட வேண்டியதை மூடி வைத்துக்கொண்டே காட்டுகிறேன். அத்தனை பேர் முன்னால் கையைக் கீழே போட்டு, உதட்டை விரலால் தூக்கிப் பல்லைக் காட்டினேன். பாருங்கள், இதுதான் ரிசல்ட், இந்தக் குழந்தைக்கும் இதுதான் வரப்போகிறது என்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாமா, எதுக்கம்மா இதெல்லாம், வாயை மூடு என்றார். அவருக்கு என் பல் தெரிந்ததைவிட நான் காட்டியதுதான் அசிங்கமாக இருந்தது.

அக்கா அதுவரை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். மற்றவர்கள் முன்னால் அவள் வாய்திறந்து நாலு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. மாமா பேசும்போது குறுக்கே பேசுகிறவள் இல்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அவர் எதிரே போய் நின்றாள்.

“கல்யாணமாயி இத்தனை வருசத்துல நான் வாயத் தொறந்து சிரிச்சு நீங்க பாத்துருக்கிறீங்களா?” என்று கேட்டாள்.

மாமா யோசித்துப் பார்க்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. யோசிக்க யோசிக்க அந்த முகம் மாறியது.

“எம் பொண்ணு சிரிக்கணும்,” என்றாள் அக்கா. “அவ்ளோதான்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அடுத்த முறை ஆற்றுத் தண்ணீர் விட்டபோது அக்கா குடத்தைக் கழுவி அதில் பிடித்தாள். வாடைக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். அகலமான அண்டாவில் ஊற்றி, மேலே மெல்லிய துணி கட்டிக் கொஞ்ச நேரம் விட்டுவிடு, குளோரின் தானாகப் போய்விடும். அத்தனை வருஷம் ஊரே பயந்து ஒதுக்கிய வாடை ஒரு துணிக்கு அடியில் பறந்து போய்விட்டது. சோறும் அந்தத் தண்ணீரில்தான். மாமா மட்டும் வீம்புக்கு, தனிச் சொம்பில் போர் தண்ணீரே குடித்தார். குடித்துக்கொள்ளட்டும், அவருக்கு முளைக்க வேண்டிய பல் எதுவும் இல்லை. ஆனால் குழந்தை அந்தச் சொம்பைத் தொட்டால் அவரே பிடுங்கி வைத்துவிடுவார் என்று அக்கா போனில் சொன்னாள்.

எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. பால்குடி மறந்ததிலிருந்து சண்டை முடியும்வரை அவள் குடித்த தண்ணீர் என்ன செய்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஈறுக்குள் இருப்பதை எந்தப் பெட்டியாலும் பார்க்க முடியாது. காத்திருக்கத்தான் வேண்டும். இத்தனைக்கும் காரணமானவர்களில் ஒருவராவது எங்களோடு காத்திருந்தார்களா? அந்த ஸ்கேல் டீச்சர் காத்திருந்தாரா? பெயின்ட் டப்பாவோடு வந்தவர்கள் திரும்பி வந்து பார்த்தார்களா?

பாப்பா இப்போது ஒன்றாம் வகுப்பு. போன மாதம் கீழ்ப்பல் ஒன்று விழுந்தது. சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்ததாக அவளே போனில் கத்திச் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். புதுப் பல் வெளியே வந்துவிட்டது என்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“எனக்குப் பாக்க பயமா இருக்குதுடி,” என்றாள். “நீ வந்து பாரு.”

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்தேன். சூளகிரி தாண்டும்வரை யாரை எப்படித் திட்டுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பல் பழுப்பாக இருந்தால் அன்றைக்கு ஒருவரையும் விடுவதாக இல்லை, மாமாவில் ஆரம்பித்து வரிசையாக. வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பா ஓடி வந்தாள். வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அடுப்படியை விட்டு வரவில்லை.

பாதி முளைத்த பல். நுனியில் சுண்ணாம்புக் கோடுபோல லேசாக ஒரு வெள்ளை வரி இருந்தது, தேடிப் பார்த்தால்தான் தெரியும். மற்றபடி சுத்தமான பல். கறை இல்லை, குழி இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். மாமா கதவிலிருந்து கையை எடுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். எதற்கென்று புரியாமல் பாப்பாவும் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் கை தானாக மேலே போய் வாயை மூடியது.

கையை விலக்கிவிட்டேன். மறுபடியும் மூடினாள். எதுக்குடி மூடுகிறாய் என்று கேட்டேன். என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“பொம்பளைங்க அப்பிடித்தான் சித்தி சிரிப்பாங்க,” என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. பல்லைக் காப்பாற்றிவிட்டோம், கையை எங்களிடமிருந்தே கற்றுக்கொண்டுவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

“அக்கா, அதை எடு,” என்றேன்.

“மொதல்ல நீ எடுடி,” என்றாள்.

அப்போதுதான் என் கையும் வாய்மேல் இருந்ததைக் கவனித்தேன். எடுத்தேன். அவளும் முந்தானையை விட்டாள். பாப்பா இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் அம்மாவிடம், ஏம்மா உன் பல் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற பிள்ளை, அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். அக்கா கையைத் தூக்காமலே அவளுக்குப் பதில் சொன்னாள்.